ராஜாஜி போட்ட வரியும் பள்ளிக்கூடமும்

(கல்கத்தாவில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ராஜாஜியைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி சொன்னார். அவருடைய ராமாயண, மகாபாரதத்தைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நான் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஆகவே அவர் போட்ட வரியைப் பற்றியும், அதை ஒட்டி அவருடைய பள்ளிக்கூடத் திட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன்.

அரசாங்கம் அளவாகச் செலவழிக்க வேண்டும், அளவாக வரி வாங்க வேண்டும், ஜனங்களை அவரவர் காரியத்தைப் பார்க்க விட வேண்டும் என்பது பழமைவாதிகளின் கொள்கை. 1959ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி சாடியது இந்த எண்ணத்தில்தான். நானும் அந்தப் பக்கம் சாய்ந்தவன். ஆனால் இந்தியாவில் பொது விற்பனை வரியை முதன்முதலில் கொண்டுவந்தவரும் அவரேதான்!

1937ல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். நிதி இலாகாவும் அவர் கையில்தான். அந்த வருஷம் அக்டோபர் 1ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. பிறகு சித்தூர், கடப்பை என்று மற்ற ஜில்லாக்களுக்கும் பரவியது. கள்ளு, சாராய வருமானம் மாகாணக் கஜானாவின் பெரிய தூண். அதை இடித்தால் கூரையைத் தாங்க வேறு தூண் வேண்டுமே? கடன் வாங்கிச் சமாளிக்கவில்லை. 1939ல் விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். விகிதம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் சட்டசபையில் எழுந்து, இந்த வருமானம் போகிறது, அதற்குப் பதில் இது வருகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். கணக்கனாகிய எனக்கு இதில் பரம திருப்தி. நம் வங்காளமும் 1941ல் தன் விற்பனை வரிச் சட்டத்தைப் போட்டது.

இனி சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. முன் வரிசையில் இப்போதே இரண்டு மாமாக்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

1952ல் மறுபடியும் முதலமைச்சரானார். பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து வருஷத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியல் சாஸனம் சொல்லியிருந்தது. அதற்குக் கட்டடமும் போதாது, ஆசிரியரும் போதாது. 1953ல் அவர் கண்ட வழி, பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து இரண்டு ஷிப்டாக்குவது. மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கலாம். எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்றார்கள். அடுத்த வருஷமே அவர் பதவி விலகினார், காமராஜ் வந்தார், திட்டமும் போயிற்று.

ராஜாஜியின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நாம் வழக்கமாகப் பேசாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. அந்தத் திட்டம் கிராமப் பள்ளிகளுக்கு மட்டும். பட்டணங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்த நம் குடும்பங்களின் குழந்தைகளுக்கு முழு நேரப் படிப்புதான். சிக்கனம் செய்தது அரசாங்கம், விலை கொடுக்க வேண்டியிருந்தது வண்ணான் பிள்ளையும் குயவன் பிள்ளையும். மதுவிலக்குக்காக வியாபாரிகளின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு வரி போட்டவர், பள்ளிக்கூடத்துக்காக அதே துணிச்சலைக் காட்டியிருக்கலாம். விற்பனை வரி அதற்குள் ராஜ்யத்தின் முக்கிய வரவாகவும் ஆகியிருந்தது. சிறிய அரசாங்கம் வேண்டும் என்று சொல்கிறவன், எங்கே குறைப்பது என்பதை முதலில் பார்க்க வேண்டாமா?

வரியின் கதையும் முடியவில்லை. மதுவுக்குப் பதிலாக வந்த வரி அது. 1971ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தள்ளிவைத்தார்கள். வேண்டாம் என்று கருணாநிதியை நேரில் போய்க் கேட்டுக்கொண்டார், தொண்ணூறைத் தாண்டிய ராஜாஜி. பலிக்கவில்லை. மது திரும்பி வந்தது, மாற்று வரி மட்டும் விலகவில்லை! 2017ல் விற்பனை வரி பெரும்பாலும் ஜி.எஸ்.டி.யில் கரைந்தபோதும் மதுபானம் வெளியே நின்றது. ராஜ்யங்கள் தாங்களே விகிதம் வைக்கக்கூடிய சில வரவுகளில் அது ஒன்றாகிவிட்டது. எந்த ராஜ்யத்துக்குத்தான் அதை விட மனசு வரும்?

பள்ளிக்கூடத்துக்கென்றே ஒரு வரியும் பின்னால் வந்தது. 2004ல் இரண்டு சதவீதம் கல்வி செஸ், 2007ல் உயர்நிலைக் கல்விக்கென்று மேலும் ஒன்று. 2018 முதல் ஆரோக்யத்தையும் சேர்த்து, வருமான வரியின் மேல் நான்கு சதவீதம். செஸ்ஸை ராஜ்யங்களோடு பங்கு போட வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் நடத்துவதோ பெரும்பாலும் ராஜ்யம்! அந்த ஒரு சதவீதத்தில் 2006-07 முதல் 2016-17 வரை 83,497 கோடி ரூபாய் வசூலாயிற்று. அதற்கென்று தனி நிதி ஏற்படுத்தவில்லை என்று தணிக்கை அதிகாரி எழுதினார். 2017 ஆகஸ்டில்தான் மத்திய மந்திரிசபை அப்படி ஒரு நிதிக்கு ஒப்புதல் கொடுத்தது. பத்து வருஷம் கழித்து உண்டியல் வாங்கினார்கள். ராஜாஜி இருந்திருந்தால் வாரம் ஒரு கட்டுரை எழுதியிருப்பார்.

நம் சங்கத்திலும் ஒரு கல்வி நிதி இருக்கிறது. வருஷாந்திர அறிக்கையில் அது பொது வரவோடு கலந்து ஒரே வரியில் வருகிறது. எவ்வளவு வந்தது, எத்தனை குழந்தைகளுக்குப் போயிற்று, கையிருப்பு என்ன என்று அடுத்த அறிக்கையில் தனிப் பக்கமாக அச்சிடும்படி பொக்கிஷதாரரைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் தலையாட்டுகிறார். குறித்துக்கொள்ளுங்கள்.