குண்டு துளைக்காத கண்ணாடி: எந்தக் குண்டு?

(ஜார்ஜ்டவுனில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது கவச வாகனங்களைப் பற்றி. இது ராணுவத்திற்கும் தலைவர்களுக்கும் உரிய விஷயமாயிற்றே, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் பீச் ஸ்திரீட் வங்கிகளின் வாசலில் வந்து நிற்கும் பண வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதை ஓட்டுபவர் நம்மைப் போல் மாதச் சம்பளக்காரர். ஆபத்து வேளையில் அவர் வீடு திரும்புவாரா இல்லையா என்பது முன்னால் இருக்கும் கண்ணாடியின் தரத்தைப் பொறுத்தது. ஆகவே இது நம்முடைய விஷயமும்தான்.

"குண்டு துளைக்காத கண்ணாடி" என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் எந்தக் குண்டும் துளைக்காத கண்ணாடி உலகில் கிடையாது. இன்ன துப்பாக்கிக்கு, இத்தனை தோட்டாவுக்குத் தாங்கும் கண்ணாடி என்பதுதான் உண்டு. இந்த வேறுபாட்டில் உயிர் இருக்கிறது.

எப்படித் தடுக்கிறது?

1903-ஆம் ஆண்டு பிரான்சில் எடுவார் பெனெடிக்டஸ் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து படலமாக ஒட்டியிருந்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். அந்த வழியில் பிறந்ததுதான் அடுக்குக் கண்ணாடி. இன்று நம் காரின் முன்கண்ணாடி கல் பட்டால் விரிசலோடு நிற்பதும் அதனால்தான்.

தோட்டாவைத் தடுக்கும் கண்ணாடியில் பல தகடுகள் உண்டு. வெளிப்புறத்தில் கடினமான கண்ணாடி. அதில் மோதும் தோட்டா நசுங்கி வேகம் இழக்கிறது. உட்புறத்தில் பாலிகார்பனேட் என்ற வலுவான பிளாஸ்டிக். அது வளைந்து கொடுத்து மிச்ச வேகத்தை வாங்கிக்கொள்கிறது, கண்ணாடித் துகள்கள் முகத்தில் தெறிக்காமலும் காக்கிறது.

ஐரோப்பியத் தர அளவில் கைத்துப்பாக்கிகளுக்கும் ராணுவத் துப்பாக்கிகளுக்கும் வெவ்வேறு படிகள் உண்டு. கைத்துப்பாக்கிக்குத் தாங்கும் கண்ணாடியை ராணுவத் துப்பாக்கி துளைத்துவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டாலும் கதை முடிந்தது. முதல் தோட்டாவிலேயே கண்ணாடி வெண்மையாக விரிந்து, ஓட்டுநருக்குப் பாதை மறைந்துவிடும். ஆக, அது தருவது சில விநாடிகள். அந்த விநாடிகளில் வண்டி அங்கிருந்து பறந்தாக வேண்டும்.

தடிமனைக் கூட்டினால் போயிற்று என்பீர்கள். 40 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ எடை. அதற்கேற்ப இயந்திரம், பிரேக், கதவுக் கீல் எல்லாவற்றையும் பலப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் தப்பி ஓட வேண்டிய வண்டியே நகராது.

மொகடிஷுவில் நம் வீரர்கள்

இதில் நம் நாட்டிற்கு நேரடி அனுபவம் உண்டு. 1993 அக்டோபர் 3-ஆம் நாள் சோமாலியாவின் மொகடிஷு நகரில் இரண்டு அமெரிக்க ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்க ஐ.நா. அமைதிப்படை அன்றிரவு புறப்பட்டது. பாகிஸ்தானின் டாங்கிகளோடு சென்றவை நமது 19-ஆவது அரச மலாய் ரெஜிமெண்டின் கொண்டோர் கவச வண்டிகள். அமெரிக்கர்களுக்கு இடம் வேண்டுமென்று நம் காலாட்படையினர் இறங்கிக்கொண்டார்கள். ஓட்டுநர்களும் துப்பாக்கி இயக்குபவர்களும் மட்டும் இறங்கவில்லை. அவர்கள் இல்லாமல் வண்டி ஏது?

ஜெர்மனியில் தயாரான கொண்டோரில் ஓட்டுநருக்கு முன்னும் பக்கங்களிலும் தோட்டா தடுக்கும் கண்ணாடி. ஆபத்தில் அதன் மேல் இரும்பு மூடியை இறக்கலாம். ஆனால் பார்வை குறுகிவிடும். அந்த வண்டியின் கவசம் சாதாரணத் தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்டது. அன்றிரவு பாய்ந்து வந்ததோ தோளில் வைத்து ஏவும் ராக்கெட் குண்டு. அது வெடிக்கும்போது உலோகத்தை ஊசிபோல் பாய்ச்சித் தடித்த இரும்பையே துளைத்துவிடும். பக்கத்து மாநிலமான கெடாவைச் சேர்ந்த ஓட்டுநர் மாட் அஸ்னான் அவாங் உயிர்நீத்தார். வேறு பலர் காயமடைந்தார்கள். ஆனாலும் அந்த வண்டிகள்தாம் சிக்கியவர்களை மீட்டு வந்தன. கவசம் காத்ததும் உண்மை, கைவிட்டதும் உண்மை.

ஹாலிவுட் படத்தில் நம் வீரர்களின் பங்கு சிறிதாகிப் போனது. 2023-ல் வெளிவந்த "மல்பாட்: மிசி பக்காரா" என்ற நம் நாட்டுப் படம் அவர்களை முன்னால் கொண்டு வந்தது.

கீழிருந்து வரும் ஆபத்து

கண்ணாடி பக்கத்தைத்தான் காக்கும். காலடியில் வெடித்தால்? அதே 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், தமிழக-கர்நாடக எல்லைப் பகுதியில் வீரப்பனைத் தேடிச் சென்ற குழுவினரில் 22 பேர் பாலாறு அருகே கண்ணிவெடியில் மாண்டார்கள். அவர்கள் சென்றது சாதாரண வாகனங்களில்.

தட்டையான அடிப்பாகம் வெடியின் முழு வேகத்தையும் நேராக வாங்குகிறது. படகின் அடிப்பாகம்போல் இருபுறமும் சரிந்திருந்தால் அது பக்கவாட்டில் சிதறிப்போகிறது. தென்னாப்பிரிக்காவில் 1970-களில் இந்த அமைப்பு வளர்ந்தது. இருக்கையைத் தரையில் பதிக்காமல் தொங்கவிட்டால் அதிர்வு முதுகெலும்பில் ஏறுவது குறையும். நேட்டோ அளவுகோலில் இரண்டாம் படி வண்டி 6 கிலோ வெடிமருந்தைத் தாங்க வேண்டும். நான்காம் படி 10 கிலோ. அதற்கு மேல் புதைத்து வைப்பவனுக்கு எந்த அளவுகோலும் தடையில்லை.

நல்ல வண்டி இருந்தாலும் உள்ளே இருந்தால்தான் பலன். 2007 டிசம்பர் 27-ஆம் நாள் ராவல்பிண்டியில் பெனாசிர் பூட்டோ கவச வண்டியின் கூரைத் திறப்பில் எழுந்து நின்று மக்களுக்குக் கையசைத்தபோது தாக்கப்பட்டு இறந்தார். வண்டிக்குள் அமர்ந்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நேயர்களே, கவச வண்டி என்ற பெயரைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்போம். எந்த ஆயுதத்திற்கு எதிராகச் சோதிக்கப்பட்டது? கண்ணாடிக்கு வயது என்ன? நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் அடுக்குகள் பிரிந்து ஓரம் வெளுத்துப்போகும். அப்படிப்பட்ட கண்ணாடியை மாற்றியாக வேண்டும். பின்னால் இருக்கும் பணத்திற்குள்ள பாதுகாப்பு, முன்னால் இருக்கும் ஓட்டுநருக்கும் உண்டா?

2007 முதல் நம் வீரர்கள் லெபனானுக்கு அமைதிப் பணிக்குச் சென்று வந்திருக்கிறார்கள். அவர்களை அனுப்பி வைத்த பெற்றோருக்கும், பண வண்டியில் வேலை பார்ப்பவரின் மனைவிக்கும் இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை உண்டு. "அதெல்லாம் குண்டு துளைக்காத வண்டி" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். எந்தக் குண்டு என்று திருப்பிக் கேளுங்கள்.