சொன்னவனுக்குச் சிறை, கேளாதவனுக்கு அரியணையா?

(பூந்தமல்லிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே பகலெல்லாம் இரும்போடு மல்லாடிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆவடித் தொழிற்சாலையிலே சங்கு ஊதியதும் வீட்டுக்கும் செல்லாமல் இத்திடலுக்கு வந்திருக்கிறீர்கள். 'மெமோ' என்ற சொல்லுக்கு உங்களிடம் நான் பொருள் கூறவேண்டியதில்லை.

லேத்துப் பட்டறையிலே ஒரு தொழிலாளி. 'பேரிங் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும்' என்று ஒருமுறை சொல்கிறார், இருமுறை சொல்கிறார், மூன்றாம் முறை எழுதியே கொடுக்கிறார். 'ஆர்டர் முடியட்டும், பிறகு பார்ப்போம்' என்று குளிர்ந்த அறையிலிருந்து விடை வருகிறது. ஒருநாள் எந்திரம் உடைகிறது. மறுநாள் மெமோ வருகிறது. யாருக்கு? 'பிறகு பார்ப்போம்' என்ற பெரியவருக்கா? எந்திரத்தின் பக்கத்தில் நின்றவருக்கு!

பட்டறையிலே இந்த அநீதி நடந்தால் சங்கம் கேட்கிறது, வாயிற்கூட்டம் நடக்கிறது. நாடாளும் மன்றத்திலே நடந்தால்? எச்சரித்த அதிகாரியின் தலையிலே பழியை ஏற்றிவிட்டு, எச்சரிக்கைக்குச் செவிகொடாத தலைவர் இரங்கல் அறிக்கை விடுத்து ஒதுங்கிக்கொண்டால், கேட்பது யார்? அதைப்பற்றியே இன்று உங்களிடம் பேச விழைகிறேன்.

பழி சுமத்துவதற்கு உளவுத்துறையைப்போல் வசதியான தோள் வேறில்லை, தோழர்களே! ஆசிரியர்மீது பழி போட்டால் அவருடைய சங்கம் பேசும். பொறியாளர்மீது போட்டால் அவர் வரைபடத்தை எடுத்து விரித்துக் காட்டுவார். உளவுத்துறை அதிகாரி என்ன செய்வார்? வாய் திறந்தால் அலுவல் இரகசியச் சட்டம் பாயும். 1923ஆம் ஆண்டு வெள்ளையன் இயற்றிவைத்த அச்சட்டம் வெள்ளையன் போனபின்னும் உயிரோடிருக்கிறது. 'எனக்கு எவரும் சொல்லவில்லை' என்று அமைச்சர் மேடையிலே முழங்கலாம். 'நான் சொன்னேன், இதோ கோப்பு' என்று அதிகாரி காட்ட இயலாது. எதிரியின் வாயைக் கட்டிவிட்டு வழக்காடி வெல்வது ஒரு வெற்றியா?

கடல் கடந்து, நம் இனத்தார் வாழும் இலங்கைத் தீவிலே நடந்ததைப் பாருங்கள்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21. உயிர்த்தெழுந்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலே குண்டு. நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டியிலே குண்டு. தமிழர் வாழும் மட்டக்களப்பிலே, சீயோன் தேவாலயத்திலே குண்டு. பெரிய ஓட்டல்கள் மூன்றிலும் குண்டு. ஏறத்தாழ 270 உயிர்கள் பறிபோயின. மட்டக்களப்பிலே மாண்டவருள் ஞாயிறு வகுப்புக்கு வந்த குழந்தைகளும் உண்டு.

இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த இடியா? ஏப்ரல் 4ஆம் நாளே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை சென்றிருந்தது. தாக்க இருப்பவர் யார், தாக்கப்படும் இடங்கள் எத்தகையவை என்பதுவரை செய்தி சென்றிருந்தது. பதினேழு நாட்கள் கையில் இருந்தன!

அன்று நாட்டின் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன. பாதுகாப்புத் துறை அவர் கையில். காவல்துறையும் அவர் கையில். அவர் சொன்னதென்ன? 'எனக்குச் சொல்லவில்லை' என்றார். பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ பதவி விலகினார். காவல்துறைத் தலைவர் பூஜித் ஜயசுந்தர கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். அவ்வாண்டு ஜூலையிலே இருவரும் கைதாயினர். 2022 பிப்ரவரியிலே கொழும்பு உயர்நீதிமன்றம் அவ்விருவரையும் விடுவித்தது.

நாடாளுமன்றத் தெரிவுக்குழு துருவியபோது வெளிவந்த செய்தி என்ன தெரியுமா? 2018 அக்டோபரிலே குடியரசுத் தலைவருக்கும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் பூசல் மூண்டது. அதன்பின் நாட்டின் பாதுகாப்பு மன்றக் கூட்டங்களுக்குப் பிரதமரே அழைக்கப்படவில்லை! இரண்டு மாளிகைகள் ஒன்றோடொன்று பேசாமல் இருந்தன. இடையிலே எச்சரிக்கை தூங்கியது. விலை கொடுத்தவர்கள் மெழுகுவத்தி ஏந்திச் சென்ற ஏழைகள்.

2023 ஜனவரி 12ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உளவுத்துறைத் தலைவரும் காவல்துறைத் தலைவரும் தலைக்கு 7.5 கோடி இலங்கை ரூபாய் தரவேண்டும். பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி தரவேண்டும் என்றது. அதிகாரிகளின் பிழையை அந்நீதிமன்றம் மூடிமறைக்கவில்லை; நாமும் மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலின் உச்சியிலே யார் பெயர்? சிறிசேனவின் பெயர்! அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி தரவேண்டும் என்று ஆணை பிறந்தது. 'எனக்குச் சொல்லவில்லை' என்ற குடைக்குள்ளே அவர் ஒதுங்க இயலவில்லை. சொல்லப்படும் வழியைத் திறந்து வைப்பதும் ஆளுகிறவன் கடமையல்லவா?

இது தமிழனுக்குப் புதிய நீதியா, தோழர்களே? மதுரையிலே பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு வந்ததும் ஒருவகை உளவுச் செய்திதான். 'சிலம்பு திருடிய கள்வன் சிக்கினான்' என்று பொய்த் தகவல் தந்தவன் பொற்கொல்லன். கோவலனை வெட்டியது ஒரு காவலனின் வாள். மன்னன் செய்த பிழை, ஆராயாமல் ஆணையிட்டது.

நான் நாடகம் எழுதுகிறவன். அந்தக் காட்சியை இக்கால அமைச்சர் ஒருவரிடம் நடிக்கக் கொடுத்தால் எப்படி நடிப்பார்? 'பொற்கொல்லன் தவறான தகவல் தந்துவிட்டான். அவனைப் பணிநீக்கம் செய்துவிட்டோம். காவலன்மீது துறைவழி விசாரணை நடக்கிறது. கண்ணகி அம்மையாருக்கு இழப்பீடு அறிவித்திருக்கிறோம். நன்றி, வணக்கம்!' — திரை விழும், ஆட்சி நிலைக்கும்!

இளங்கோவின் பாண்டியன் அந்த வசனத்தைப் பேசவில்லை. பரல் தெறித்ததும் அவன் பொற்கொல்லனைத் தேடவில்லை, காவலனை அழைக்கவில்லை. குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு அரியணையிலேயே உயிர்விட்டான். வள்ளுவரோ ஒற்றாடலை அரசியலிலே வைத்து, ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக்கொண்டு ஒத்துப்பார்க்கும் பொறுப்பை வேந்தனிடமே தந்தார்.

'அது காவியம், குடியாட்சிக்குப் பொருந்துமா?' என்று கேட்பாரும் உளர். 1956 நவம்பரிலே அரியலூரை அடுத்து வெள்ளம் அரித்த பாலத்திலே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி தண்டவாளத்தைக் காவல் காத்தவரா? இல்லை. ஆயினும் பதவி விலகினார். நம் கொள்கைக்கு மாற்றாரே ஆயினும், அச்செயலைப் பாராட்ட நாம் தயங்கவேண்டியதில்லை.

1958ஐ எண்ணிப்பாருங்கள். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய், முந்த்ரா என்பாரின் நிறுவனப் பங்குகளிலே கொட்டப்பட்டது. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, தம் செயலாளர் எச்.எம்.பட்டேலைக் காட்டினார். விசாரித்த நீதிபதி சாக்ளா என்ன சொன்னார்? செயலாளரின் செயலுக்கு அரசமைப்பின்படி அமைச்சரே பொறுப்பு என்றார்! அமைச்சர் விலகினார். பணத்துக்கு அந்த நீதி என்றால், உயிருக்கு எந்த நீதி?

இனி, நாம் கூடியிருக்கும் இவ்வூருக்கு வருவோம். 1991 மே 21ஆம் நாள் இரவு, போரூரையும் இந்தப் பூந்தமல்லியையும் கடந்துதான் இராஜீவ்காந்தி திருப்பெரும்புதூர் சென்றார். திரும்பவில்லை. காவல் நின்ற போலீசாரும் அவரோடு மாண்டனர். கொலை வழக்கு நடந்ததும் இதே பூந்தமல்லியிலுள்ள தனி நீதிமன்றத்திலேதான். 1998 ஜனவரி 28ஆம் நாள் 26 பேருக்கும் தூக்கு என்றது அத்தீர்ப்பு. 1999இலே உச்சநீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது.

கொன்ற குற்றம் இப்படி விசாரிக்கப்பட்டது. காக்கத் தவறிய குற்றம்? அதை ஆராய நீதிபதி வர்மா ஆணையம் அமைந்தது. 1992இலே அறிக்கை தந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் பதவியிலுள்ள பிரதமருக்கே சிறப்புக் காவல் வகுத்தது. பதவி போனதும் காவல் விலகியது. ஈடான மாற்றுக் காவல் அமைக்கப்படவில்லை. மத்திய உளவுத்துறை, மாநிலக் காவல்துறை, கூட்டம் நடத்திய கட்சியினர் எனப் பலர்மீதும் ஆணையம் குறை கண்டது. ஆனால் காவலை விலக்கிய ஆட்சியும், அதைத் திரும்பத் தராத ஆட்சியும் அறிக்கை வருமுன்னே அகன்றுவிட்டன. தமிழகத்திலோ அவ்வாண்டு ஜனவரி 30 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி; பதில் சொல்ல மக்கள் தேர்ந்த அமைச்சர் ஒருவரும் இல்லை! முன்னாள் பிரதமருக்கும் காவல் உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது, எப்போது? பிணம் விழுந்த பின்!

1999இலே கார்கில். 527 வீரர்களை நாடு பறிகொடுத்தது. கே.சுப்பிரமணியம் தலைமையிலான குழு ஆராய்ந்து, உளவு அமைப்பின் ஓட்டைகளை எடுத்துக் காட்டியது. 2000இலே அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது, சில பகுதிகள் நீக்கப்பட்டு! உளவு தவறியது என்ற சொல் ஊரெங்கும் ஒலித்தது. பதவி விலகிய அமைச்சர் யார்? எவருமில்லை. ஆவடியிலே டாங்கி செய்யும் தோழனுக்கு ஒரு திருகாணி பிசகினாலும் விளக்கம் கேட்கப்படுகிறது. எல்லையே பிசகினால் விளக்கம் கேட்க ஆளில்லை!

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒன்று: எச்சரிக்கை எந்நாளில் வந்தது, யார் கையில் சேர்ந்தது, அவர் என்ன செய்தார் என்ற குறிப்பு கட்டாயமாகப் பதிவாகவேண்டும். இரண்டு: அந்தக் குறிப்பைப் பார்க்கும் உரிமை பல கட்சியினரும் அமர்ந்த நாடாளுமன்றக் குழுவுக்கு வேண்டும். பிரிட்டனிலே 1994ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றுவித்த அத்தகைய குழு உண்டு. இங்கோ 1887இலே வெள்ளையர் ஆட்சியிலே தோன்றிய உளவுத்துறைக்கு இன்னும் தனிச்சட்டமே இல்லை. மூன்று: அதிகாரியின்மீது விரல் நீளுமுன் துறையின் அமைச்சர் அவைக்கு வந்து நிற்கவேண்டும்.

இரகசியம் வெளியானால் நாட்டுக்குத் தீங்கு என்பர். ஒற்றனின் பெயரை நாம் கேட்கவில்லை. அமைச்சரின் பெயரைக் கேட்கிறோம், அது இரகசியமா?

இந்தக் கேள்வியை மாற்றார் ஆளும்போது மட்டும் கேட்டால் அது அரசியல் சூதாட்டம். நம்மவர் ஆளும்போதும் கேட்டால்தான் அது குடியாட்சி. நாளை எங்கோ ஒரு துயரம் நேர்ந்து, 'உளவுத்துறை தவறிவிட்டது' என்று தலைப்புச் செய்தி வந்தால், ஏட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். தெருமுனைக் கூட்டத்திலே, தேநீர்க் கடையிலே, தொழிற்சங்க வாயிலிலே இரண்டு கேள்விகளை எழுப்புங்கள்: சொல்லப்பட்டதா? சொல்லப்பட்டதெனில், கேளாதவர் யார்?

விடை வரும்வரை கேளுங்கள், தோழர்களே!