அலமாரியில் இருந்த வெள்ளைக் கல்

(மாவட்ட அளவில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பவளப்பாறைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது தயங்கினேன். நான் கடல் உயிரியல் அறிஞர் இல்லை. விலங்கியல் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று, பதினெட்டு ஆண்டுகளாக இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். "உங்கள் வகுப்பில் நடந்ததைச் சொன்னால் போதும்" என்றார்கள். அப்படியானால் ஒரு தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும். தவறு என்னுடையது.

எங்கள் ஆய்வக அலமாரியில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது. கைப்பிடி அளவு, கிளை கிளையாக, மேலெல்லாம் ஊசி முனை போல ஓட்டைகள். நான் பணியில் சேருவதற்கு முன்பே யாரோ வைத்துவிட்டுப் போனது. ஒவ்வோர் ஆண்டும் குழியுடலிகள் பாடம் வரும்போது அதை எடுத்துத் தூசி தட்டி, "இதுதான் பவளம்" என்று காட்டுவேன். பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். மறுபடி அலமாரிக்குப் போகும்.

2016 ஏப்ரல். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து சொன்னான்: "டீச்சர், பாரெல்லாம் வெளுத்துக் கிடக்குதாம். எங்கப்பா சொன்னாரு." அவனுடைய அப்பா சங்கு குளிப்பவர். எங்கள் பக்கம் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். முத்துப்பார், சங்குப்பார் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அலமாரியைக் காட்டினேன். "பவளம் வெள்ளையாகத்தானே இருக்கும்? பார்த்திருக்கிறாயே" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு மாதங்கள் கழித்துத்தான் விவரம் தெரிந்தது. அந்த ஆண்டு உலகம் முழுவதும் கடல்நீர் சூடேறி, பவளப்பாறைகள் வெளிறிப்போயிருந்தன. மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. ஒரு பெரிய சூழலியல் நிகழ்வு, செய்தித்தாளில் வருவதற்கு முன்பே என் வகுப்புக்கு வந்திருக்கிறது. கொண்டுவந்தவனை நான் உட்கார வைத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் நானே ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். முதலில் நான் திருத்திக்கொண்டது அந்தச் சொல்லை. பவளப்'பாறை' என்று சொல்லும்போதே பிள்ளைகள் மனத்தில் கல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது உயிருள்ள விலங்குகளின் குடியிருப்பு. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சிறு உயிர், பாலிப். ஹைட்ராவின் உறவு, கடல் சாமந்தியின் நெருங்கிய உறவு. வாயைச் சுற்றி உணர்நீட்சிகள், அவற்றில் கொட்டும் செல்கள். தன் அடியில் கால்சியம் கார்பனேட்டைச் சுரந்து கிண்ணம் போல ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கிறது. நான் ஆண்டுதோறும் காட்டியது அந்தக் கூட்டை மட்டும். மாட்டின் எலும்பைக் காட்டி 'இதுதான் மாடு' என்று சொன்னது போல.

உயிருள்ள பவளத்தின் நிறம் பெரும்பாலும் பழுப்பு, பச்சை, மஞ்சள். அந்த நிறத்தில் பெரும்பங்கு பாலிப்பின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுடையது. பாசி ஒளிச்சேர்க்கை செய்து, தான் தயாரித்த உணவில் பெரும்பகுதியைப் பாலிப்புக்குக் கொடுக்கிறது. பாலிப் பாசிக்கு இடமும் கரியமில வாயுவும் ஊட்டச்சத்தும் தருகிறது. கூட்டுயிர் வாழ்க்கைக்கு லைக்கன் ஒன்றையே எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடலோரப் பள்ளிகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது என்பது என் எண்ணம்.

நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிகிறது. பாலிப் பாசியை வெளியேற்றுகிறது. பாசி போனதும் பாலிப்பின் உடல் கண்ணாடி போலாகி, அடியிலுள்ள வெள்ளைக் கூடு தெரிகிறது. இதுதான் வெளிறுதல். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிறிய பவளம் செத்த பவளம் இல்லை. பாலிப் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, பட்டினியாக. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளமும் பிழைக்கும். குளிராவிட்டால் பாலிப் இறந்து, வெள்ளைக் கூட்டின் மேல் வேறு பாசிகள் படர்ந்து, சில வாரங்களில் அது அழுக்குப் பச்சையாகிவிடும். ஆகவே, அந்தப் பையன் 'வெளுத்துக் கிடக்கு' என்று சொன்ன நாளில் அந்தப் பாரில் உயிர் இருந்திருக்கிறது.

எவ்வளவு இழந்தோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016-க்கு முன்பும் பின்பும் மன்னார் வளைகுடாவில் அளந்திருக்கிறார்கள். உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்திருந்தது. கிளை விட்டு வேகமாக வளரும் அக்ரோபோரா போன்றவைதான் அதிகம் மடிந்தன. உருண்டையாக, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் மெதுவாக வளரும் வகைகள் ஓரளவு தாங்கின.

இந்த விழுக்காட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது, முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையாக இருந்தது. மூழ்கிப்போய், கடலடியில் 20 மீட்டர் நாடா ஒன்றை விரிக்கிறார்கள். நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது, எந்தச் சென்டிமீட்டரில் அது முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பலகையில் எழுதிக்கொண்டே போகிறார்கள். உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, மணல், கடற்பஞ்சு. ஒவ்வொன்றின் நீளத்தையும் கூட்டி மொத்த நீளத்தால் வகுத்தால் விழுக்காடு. ஆறாம் வகுப்புக் கணக்கு.

இதை நாங்கள் பள்ளி மைதானத்தில் செய்தோம். நைலான் கயிறு 20 மீட்டர், பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு மை அடையாளம். புல், வெறும் மணல், கல், சருகு, பாலிதீன் என ஐந்து வகை. முதல் நாள் ஒரு குழுவுக்குப் புல் 31 விழுக்காடு வந்தது, இன்னொரு குழுவுக்கு 47. உடனே சண்டை. "அவங்க தப்பா எண்ணிட்டாங்க டீச்சர்." போய்ப் பார்த்தால் இரண்டு குழுவுமே சரி. ஒருவர் கயிற்றைக் கொடிக்கம்பத்தின் பக்கம் போட்டிருக்கிறார்கள், மற்றவர் குழாயடியில். எத்தனை கயிறு போட்டால் மைதானத்தைப் பற்றி நம்பிக்கையாகச் சொல்லலாம் என்று பிள்ளைகளே பேசத் தொடங்கினார்கள். மாதிரியெடுத்தல் என்ற பாடத்தை நான் அதுவரை அவ்வளவு நன்றாக நடத்தியதில்லை. அன்றும் நடத்தியது நான் இல்லை.

நவம்பர் மழைக்குப் பிறகு மறுபடி அளக்கலாம் என்றோம். போன முறை கயிறு போட்ட இடம் எது என்று யாருக்கும் நினைவில்லை. அடையாளம் வைக்கவில்லை. அடுத்த முறை இரண்டு முனையிலும் முளை அடித்தோம்.

அந்த முளையின் அருமை ஜமைக்கா தீவின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. டெரன்ஸ் ஹியூஸ் என்ற சூழலியலாளர் அங்கே ஒரே இடங்களைத் திரும்பத் திரும்ப அளந்த கணக்குகளை 1994-இல் வெளியிட்டார். 1977-இல் அங்கே கடலடியில் பவளம் 52 விழுக்காடு. 1993-இல் 3 விழுக்காடு. பெரும்பாசி 4-லிருந்து 92 விழுக்காடாகிவிட்டது. என்ன நடந்தது? பாசி தின்னும் மீன்களை மனிதர்கள் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். ஆனாலும் பார் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஏனென்றால் நீண்ட முள்ளுடைய கடல் முள்ளெலிகள் பாசியை மேய்ந்துகொண்டிருந்தன. 1980-இல் ஆலன் புயல் கிளைப் பவளங்களை நொறுக்கியது. பிறகு 1983-இல் ஒரு நோய் கரீபியக் கடல் முழுவதும் பரவி, அந்த முள்ளெலிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் கொன்றது. மேய ஆளில்லை. பாசி மூடியது. 1977-இல் ஒரே ஒரு முறை அளந்துவிட்டுப் போயிருந்தால், 'ஆரோக்கியமான பார்' என்று எழுதியிருப்பார்கள். உள்ளே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது அந்த அளவீட்டில் தெரிந்திருக்காது.

பாசி மூடுவது நம் பக்கமும் நடந்திருக்கிறது, வேறு காரணத்தால். வணிகத்துக்காக வளர்க்கக் கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற அயல் கடற்பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இதை வகுப்பில் சொல்வது எளிதாக இல்லை. என் மாணவிகள் சிலருடைய அம்மாக்கள் மூங்கில் மிதவையில் அதே பாசியைக் கட்டி வளர்த்துத்தான் பள்ளிச் சீருடைக்கு மேல் ஆகும் செலவைப் பார்க்கிறார்கள். 'கெட்ட பாசி' என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு வாய் வரவில்லை. மிதவையிலிருந்து அறுந்த துண்டு எங்கே போகும், பாருக்கு எவ்வளவு தூரத்தில் மிதவை போட வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். வீட்டில் கேட்டு வந்தார்கள். நீரோட்டம் எந்த மாதம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அந்த அம்மாக்கள் சொன்னது என் பாடக்குறிப்பில் இல்லாதது.

அதே போல, பவளம் வெட்டிய காலத்தையும் மறைக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பழைய சுவர்களில் இன்றும் அந்தக் கல்லைப் பார்க்கலாம். பார் என்பது கரைக்கு அலைதாங்கி. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது. அவற்றில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று நீருக்கடியில். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1969-இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர், 2015-இல் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவு. அதன் பிறகு துளையிட்ட கான்கிரீட் செயற்கைப் பார்களை அதன் முன்னே இறக்கியிருக்கிறார்கள்.

பாரை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள மணலைப் பார்த்தாலும் அங்கே உயிர்தான். சங்கு வாழ்வது மணலில். மணலுக்குள் இருக்கும் புழுக்களைத் தின்கிறது. கடல் அட்டை மணலையே விழுங்கி, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு மணலைக் கழித்துவிட்டுப் போகிறது. ஆய்வாளர்கள் கடலடி மண்ணை அள்ளி அரை மில்லிமீட்டர்ச் சல்லடையில் சலித்து, தங்கும் புழு, பூச்சி, சிப்பிகளை எண்ணுகிறார்கள். நாங்கள் மாவுச் சல்லடையில் முயன்றோம். வீட்டில் திட்டு வாங்கியது தவிர, உயிருள்ளதாகச் சில சிறு சிப்பிகளே கிடைத்தன. அவற்றைத் திரும்பவும் அலை படும் மணலில் விட்டோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்முறைக்காகப் பவளம் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியைப் போலவே. அறிவியல் கண்காட்சிக்கு என்று பிள்ளைகள் ஆர்வத்தில் எடுத்து வந்துவிடுவார்கள். 'கடலின் மழைக்காடு' என்ற உவமையையும் நான் விட்டுவிட்டேன். என் பிள்ளைகள் மழைக்காட்டைப் பார்த்ததில்லை. பாரைப் பார்த்தவர்கள் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

அந்த வெள்ளைக் கல் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. 'பவளத்தின் கூடு. உயிர் இல்லை' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் உயிருள்ள பவளம், வெளிறிய பவளம், பாசி மூடிய பவளம் என்று மூன்று வண்ணப் படங்கள்.

அந்தப் பையன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது அப்பாவோடு கடலுக்குப் போகிறான். கடந்த ஆண்டு ஒரு நாள் பள்ளி வாசலில் பார்த்தேன். அன்று உன்னை உட்கார வைத்தது என் தவறு என்று சொன்னேன். அவனுக்கு அது நினைவே இல்லை. சிரித்தான். பார் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சில இடத்துல பழையபடி பழுப்பு ஏறியிருக்கு டீச்சர். எல்லா இடத்துலயும் இல்ல" என்றான். எந்த இடம்? பள்ளிவாசல் மினாராவும் கரையில் இருக்கும் ஒற்றைப் பனையும் ஒரே நேரில் வரும் இடம் என்றான். அங்கே ஒவ்வொரு கோடையிலும் இறங்கிப் பார்ப்பார்களாம்.

முளை அடித்த இடம்தான் அது. எந்தெந்த ஆண்டில் எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டான். தேதி, என்றேன்.