மீண்டும் பிறக்காத செல்

 

இந்த மாநாட்டின் பொருள் போடோசைட் என்ற ஒற்றைச் செல். சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சான கிளாமருலசின் ரத்தத் தந்துகிகளை வெளிப்புறமாகப் பற்றிக்கொண்டு, இரு கை விரல்களைக் கோத்ததுபோல் பக்கத்துச் செல்லின் பாதங்களோடு தன் பாதங்களைக் கோத்து நிற்கிறது அது. நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர் அந்த இடுக்குகளின் வழியே வடிகிறது. ஆனால் ரத்தத்தின் ஆல்புமின் அநேகமாக முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. இத்தனை வேலை பார்க்கும் இந்தச் செல், வளர்ந்த மனிதரிடம் பிரிந்து பெருகுவதில்லை. கழன்று சிறுநீரோடு போனது போனதுதான். எஞ்சியவை கொஞ்ச காலம் தம்மை விரித்துக்கொண்டு இடைவெளியை மூடும், பிறகு அந்த முடிச்சு தழும்பாகிவிடும். எலிகளில் நடந்த ஆய்வுகளில், 40 சதவீதத்துக்கு மேல் போடோசைட்டுகள் அழிந்தபோது புரதக் கசிவு நிலைத்து, சிறுநீரகச் செயல்பாடும் குறைந்தது. ஆகவே நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க நாம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மாதத்துக்கும் நோயாளி தன் செல்களால் விலை கொடுக்கிறார். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் 1827இல் உடல் வீக்கத்தையும் சிறுநீரில் கசியும் ஆல்புமினையும் சிறுநீரகச் சிதைவோடு இணைத்துக் காட்டினார். 1950களில் ஊசி பயாப்சியும் மின்னணு நுண்ணோக்கியும் வந்தன. புரதக் கசிவால் உடல் வீங்கும் நெஃப்ரோடிக் நோயாளிகளிடம் போடோசைட்டின் பாதங்கள் தட்டையாகி ஒன்றோடொன்று கலந்துபோவதை 1957இல் ஃபார்குவார், வெர்னியர், குட் ஆகிய மூவர் பதிவு செய்தார்கள். அன்று முதல் கண்ணுக்குத் தெரிந்த உருவத்தை வைத்தே நோய்களை வகைப்படுத்தினோம். அந்த வகைப்பாடு பல்லாண்டுகள் நமக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் பாதங்கள் தட்டையாவது விளைவு. அதை உண்டாக்கியது எது என்பதை உருவம் சொல்லாது.

பதிலின் முதல் பகுதி பின்லாந்திலிருந்து வந்தது. அங்கே ஏறத்தாழ 8,000 பிறப்புகளில் ஒரு குழந்தை, கருவிலேயே தொடங்கிய புரதக் கசிவோடு பிறந்துவந்தது. அந்தக் குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்த கார்ல் டிரிக்வாசன் குழுவினர் 1998இல் நெஃப்ரினைக் கண்டறிந்தனர். பாதங்களுக்கு இடையிலான இடுக்கில் சவ்வாக நிற்கும் புரதம் அது. அந்த ஒரு புரதம் பழுதானாலே வடிகட்டி முழுவதும் திறந்துவிடுகிறது. 2000இல் பாரிஸில் போடோசின் என்ற இன்னொரு புரதம் கண்டறியப்பட்டது. இன்று, ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத நெஃப்ரோடிக் குழந்தைகளிலும் இளைஞர்களிலும் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு ஒற்றை மரபணுக் கோளாறு தெரிகிறது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு பயன் தராது. முகம் உப்பி, வளர்ச்சி குன்றி, எலும்பு தேய்ந்ததுதான் மிச்சம். இதைப் பார்த்துக்கொண்டு மருந்துச் சீட்டை மறுபடியும் எழுதுவது எனக்குப் பெரும் வேதனை.

அதே நெஃப்ரின் இப்போது வேறு கதையில் திரும்பி வந்திருக்கிறது. உடல் தன் நெஃப்ரினுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்வதுண்டு. 2024இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் தலைமையில் வெளியான பன்னாட்டு ஆய்வில், மினிமல் சேஞ்ச் நோயுள்ள பெரியவர்களில் 44 சதவீதத்தினரிடமும், காரணம் தெரியாத நெஃப்ரோடிக் குழந்தைகளில் 52 சதவீதத்தினரிடமும் அந்த ஆன்டிபாடி காணப்பட்டது. இன்னொரு சிறுநீரக நோயான மெம்பிரனஸ் நோயில் 2009இல் பாஸ்டனில் கண்டறிந்த பிஎல்ஏ2ஆர் ஆன்டிபாடிக்கு இன்று ரத்தப் பரிசோதனையே உண்டு. சிகிச்சை பலித்தால், சிறுநீரில் புரதம் குறையும் முன்பே ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி குறைகிறது.

நம் அருகில் நடந்ததற்கு வருகிறேன். மெம்பிரனஸ் நோயில் ஆன்டிபாடியின் இலக்கான நெல்-1 என்ற புரதம் 2020இல் அறியப்பட்டது. வெளிநாட்டு ஆய்வுகள் அதில் புற்றுநோயைத் தேடச் சொன்னன. சென்னையின் திசுநோயியல் ஆய்வாளர்களோ, தங்கள் நெல்-1 நோயாளிகளில் பலர் மரபு மருந்துகள் உட்கொண்டவர்கள் என்பதையும், சோதித்த மருந்துகளில் பாதரசம் இருந்ததையும் வெளிக்கொணர்ந்தார்கள். பிறகு கேரளத்தின் கோட்டக்கல்லில், 22 மெம்பிரனஸ் நோயாளிகளில் 15 பேருக்கு நெல்-1. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குப் புரதக் கசிவு அடங்கியது. மரபு மருத்துவத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. “என்ன சாப்பிடுகிறீர்கள், முகத்தில் என்ன பூசுகிறீர்கள்” என்று கேட்கச் செலவே இல்லை. கேட்காமல் விட்டால் ஓர் இளம்பெண், தேவையற்ற நோயெதிர்ப்பு அடக்கி மருந்துகளை ஆண்டுக்கணக்கில் விழுங்க நேரிடும்.

மின்னணு நுண்ணோக்கியும் மரபணுப் பரிசோதனையும் நம் எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் இல்லை, அறிவேன். அதனால்தான் பயாப்சி பார்ப்பவரும் படுக்கையருகே நிற்பவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்கிறேன். இங்கே கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் நோயாளிகளை உருவ வகையோடு நிறுத்தாமல், எத்தனை பேருக்குக் காரணம் தேடினீர்கள், எத்தனை பேரிடம் கிடைத்தது, கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிடைக்காதவர்களின் ரத்தத்தையும் திசுவையும் பாதுகாத்து வையுங்கள். அடுத்த ஆன்டிபாடி அவற்றிலிருந்தும் கண்டறியப்படலாம்.

குழந்தைகளின் நெஃப்ரோடிக் நோய் பற்றிய முதல் அமர்வுக்குக் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைத்து, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.