மலிவுக் கணினியும் நம் பிள்ளைகளும்

(ரெட்டியார்பாளையத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள், மலிவு விலையில் வாங்கிய டேப்லெட் என்னும் கைக்கணினியைத் திறந்து, ஆராய்ந்து, தம் விருப்பப்படி மாற்றியமைக்கும் பிள்ளைகளைப் பற்றியது. இதில் யாம் செய்த பிழையொன்றும் அடங்கியிருத்தலின், அதனை மறையாது உரைப்பது எம் கடமையாகும்.

2011-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் இந்திய அரசினர் மாணவர் பொருட்டு ‘ஆகாஷ்’ என்னும் கைக்கணினியைப் புதுதில்லியில் வெளியிட்டனர். டேட்டாவிண்ட் கம்பெனியார் செய்தளித்த அக்கருவி ஏழங்குலத் திரையும், 366 மெகாஹெர்ட்ஸ் வேகமும், 256 மெகாபைட் நினைவகமும் உடையது. விரலை அழுத்தினாலன்றி அத்திரை இணங்காது. ஆகையால் அதனை எள்ளி நகைத்தோர் பலர். அடுத்த ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் வெளிவந்த ‘ஆகாஷ் 2’ அரசினருக்கு ரூ. 2,263 விலையில் கிடைத்தது. அது 1 கிகாஹெர்ட்ஸ் வேகமும், 512 மெகாபைட் நினைவகமும், தொட்ட மாத்திரத்தில் இணங்கும் திரையும் பெற்றிருந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் பொறுப்பில் அது பொறியியற் கல்லூரிகளைச் சென்றடைந்தது. பின்னர் அத்திட்டம் நின்றுபோயிற்று.

அந்த ஐ.ஐ.டி.யினர் செய்த வேறொரு காரியமே நம் கருத்துக்கு உரியது. ஆண்ட்ராய்டு என்னும் இயக்க முறையோடு வந்த ஆகாஷ் 2-இல், எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்தக்கூடிய லினக்ஸ் என்னும் இயக்க முறையையும் ஓடச் செய்தனர். அதற்காகக் கருவியின் உள்ளே எதையும் அழிக்க வேண்டுவதில்லை. அதிலுள்ள ஆல்வின்னர் ஏ13 என்னும் சில்லு, விசையை அழுத்தியவுடன் முதற்கண் மெமரி கார்டைத்தான் நாடும். இயங்கத்தக்க மென்பொருள் அதில் இருப்பின் அதனையே இயக்கும். இல்லையேல் உள்நினைவகத்திற்குச் செல்லும். கார்டை உருவிவிட்டால் பழைய கருவி பழையபடியே நம் கையில் இருக்கும்.

இச்சிறு உண்மையை யாம் 2013-இல் அறிந்திலோம். கல்லூரியில் பயின்ற எம் தமக்கை மகன், அத்தகைய கருவியொன்றைக் கொணர்ந்து இரவெல்லாம் அதனோடு போராடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அதன் திரை கருத்து, வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடக் கண்டோம். கல்லூரிப் பொருளைக் கெடுத்துவிட்டானென்று சினந்து, அவன் சொல்ல வாயெடுத்ததையும் கேளாது, கல்லூரிக்கு உரிய விலையைக் கட்டிவிட்டுக் கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். அவனும் மறுமொழி கூறாது போனான். அதன் பின் திருப்புளியை அவன் கையில் யாம் கண்டதில்லை.

சென்ற ஆண்டு பீரோவை ஒழுங்கு செய்கையில், அக்கருவி முதுகு புடைத்துக் கிடந்தது. உள்ளிருந்த பேட்டரி வீங்கியிருந்தது. அவனை அழைத்துக் காட்டினோம். அவன் சிரித்து, “அன்று கார்டை உருவியிருந்தால் பழைய திரை வந்திருக்கும், மாமா,” என்றான். பதினோர் ஆண்டுகளுக்கு மேலாக அவன் மனத்தில் அடங்கியிருந்த அவ்வொரு வாக்கியம் எம்மைத் தலைகுனியச் செய்தது. பழுது பார்ப்போரிடம் கொடுத்துப் பேட்டரியை மாற்றினான். மதுரைத் திட்டத்தார் 1998 முதல் இணையத்தில் இலவசமாக அளித்துவரும் தமிழ் நூல்களை அதில் நிரப்பினான். இன்று எம் தமக்கையார் எழுத்தைப் பெரிதாக்கி அவற்றைப் படித்து வருகின்றார்.

அன்பர்களே! நம் முன்னோர் தையல் இயந்திரத்தையும், சைக்கிளையும், வால்வு வானொலியையும் தாமே பிரித்துப் பூட்டினர். அதனால் கற்ற தொழிலே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. விலையுயர்ந்த கருவியைப் பிள்ளை தொட அஞ்சுகிறது; தொட்டால் நாமும் அஞ்சுகிறோம். மலிவுக் கருவியின் மெய்யான பயன், பிழை செய்து கற்பதற்கு அது இடந்தருவதே.

ஆயினும் எச்சரிக்கையும் வேண்டும். லிதியம் பேட்டரியைக் குத்தலாகாது, வளைக்கலாகாது, வீங்கியதில் மின்னேற்றவே கூடாது, தீப்பற்றும். அதனைக் குப்பையில் எறியாது, மின்கழிவு பெறுவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும். உள்நினைவகத்தில் கை வைக்குமுன், அதிலுள்ளவற்றை வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் நலம். மாதிரி எண்ணை நோக்காது பிறிதொரு கருவியின் மென்பொருளை ஏற்றினால், கருவி மீளாது போதலும் உண்டு. பழைய ஆண்ட்ராய்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. ஆதலால் வங்கிக் காரியங்களுக்கு அதனைப் பயன்படுத்தலாகாது.

எனவே சங்கத்தாருக்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது. நம் கட்டடத்தில் ஞாயிறுதோறும் ஒரு மேசையும், நல்ல விளக்கும், சிறு திருப்புளிகளும் இருக்கட்டும். வீடுகளில் உறங்கும் பழைய கைக்கணினிகளை அன்பர்கள் கொண்டுவந்து தரட்டும். கற்றறிந்த வாலிபர் ஒருவர் உடனிருக்க, ஆண் பெண் என்னும் பேதமின்றி நம் பிள்ளைகள் அவற்றைத் திறந்து பார்க்கட்டும். எம் மருமகன் முதல் ஞாயிறு வருவதாக வாக்களித்திருக்கின்றான். யாமும் வருவோம், இம்முறை அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.