நடை திறக்கும் மாதத்தில் ஒரு பல்லக்கு



மறைந்த நம் தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் பேச வாய்ப்பளித்ததற்கு நன்றி. இந்த மேடையில் நம் ஊர்களில் நடப்பதைத்தான் அதிகம் பேசியிருக்கிறோம். இன்று உங்களை இமயமலைக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். கேதார்நாத், பத்ரிநாத் கோயில்களின் நடை திறப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். தலித் இலக்கிய மேடையில் இதற்கென்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். வேலை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அந்த நடை திறப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். உத்தராகண்ட் மாநிலத்தின் கர்வால் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கேதார்நாத். தீபாவளியை ஒட்டி வரும் பாய் தூஜ் நாளில் நடையைச் சாத்திவிடுவார்கள். பிறகு ஆறு மாதம் பனி. உற்சவமூர்த்தியைப் பல்லக்கில் வைத்து, கீழே உக்கிமட்டில் உள்ள ஓங்காரேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பல்லக்கை அங்கே 'டோலி' என்கிறார்கள். சிவராத்திரி அன்று, அடுத்து நடை திறக்கும் நாளை அங்கே அறிவிப்பார்கள். பத்ரிநாத்துக்கு நாள் குறிப்பது வசந்த பஞ்சமியன்று, நரேந்திரநகரில் உள்ள பழைய டெஹ்ரி மன்னர் குடும்பத்தின் அரண்மனையில். மன்னராட்சி போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. சாமிக்கு நாள் குறிக்கும் இடம் இன்னும் அரண்மனைதான்.

ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ டோலி திரும்ப மலையேறும். வெறுங்காலுடன் தோளில் சுமந்து, வழியில் ஊர்களில் இரவு தங்கி, கௌரிகுண்டிலிருந்து கடைசி 16 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறிக் கோயிலை அடைவார்கள். விடியற்காலையில் நடை திறக்கும். கோயில் முழுக்கப் பூ அலங்காரம், ராணுவ பேண்டு, ஹெலிகாப்டர், தொலைக்காட்சி நேரலை. 2023ஆம் ஆண்டில் மட்டும் 19 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கேதார்நாத்துக்கு வந்துபோனார்கள்.

இந்தக் கோயில்கள் தமிழுக்கு அந்நியமானவை அல்ல. பத்ரிநாத்தும், ஜோஷிமட் என்கிற திருப்பிரிதியும் ஆழ்வார்கள் பாடிய 108 திவ்யதேசங்களில் வருகின்றன. கேதாரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். அதே சுந்தரர்தான் திருத்தொண்டத்தொகையில் 'திருநாளைப்போவார்' என்று நம் நந்தனையும் சேர்த்தவர். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே ஒருவனுக்கு அது பெயராகிப்போனது. போக முடியாமல் அவனைத் தடுத்தது எது? வழியில் பனி இருந்ததா?

இந்தக் கேள்வியோடு டோலிக்குத் திரும்புவோம்.

கர்வாலில் சாமி புறப்பாடு என்றால் 'டோல்', 'டமாவ்' என்ற இரண்டு முரசுகளும் ஒலித்தாக வேண்டும். சாமியை எழுப்புவதும், ஆடவைப்பதும், ஊருக்கு அறிவிப்பதும் அந்த முரசுகள்தான். எந்தச் சடங்குக்கு எந்தத் தாளம் என்று 'டோல் சாகர்' என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக வந்த ஒரு பெரும் அறிவே அவர்களிடம் இருக்கிறது. அந்த முரசை அடிப்பவர்கள் ஔஜி, தாஸ், பாஜ்கி என்று அழைக்கப்படும் தலித் மக்கள். இவர்களோடு கொல்லர், செம்புப் பாத்திரம் செய்பவர், கல்தச்சர், கூடை முடைபவர் என்று பலரையும் சேர்த்து அங்கே ஒரே இழிபெயரால் அழைத்துவந்தார்கள். அதை மாற்றி, 'சில்ப்கார்', அதாவது கைவினைஞர் என்ற பெயரை அரசுப் பதிவில் ஏற்றப் போராடியவர்களில் முதன்மையானவர் அல்மோராவின் ஹரிபிரசாத் டம்டா. மலையில் வீடு கட்டியது, கோயிலுக்குக் கல் செதுக்கியது, மணி வார்த்தது, முரசு அடித்தது எல்லாம் இந்தக் கைகள். கூலியாக அறுவடையின்போது கொஞ்சம் தானியம் கிடைக்கும். முரசின் ஒலி கருவறைவரை போகும், அடித்தவன் வெளியே நிற்பான். பறையைப் பற்றிப் பேசிப் பேசி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சமூகவியல் மாணவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெரால்ட் பெர்ரமன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1950களின் இறுதியில் கர்வால் மலைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, 1963இல் புத்தகமாக வெளியிட்டார். அந்த மலையில் பிராமணரும் ராஜபுத்திரரும் இறைச்சி தின்றார்கள், சாராயம் குடித்தார்கள், ஆடு வெட்டினார்கள், பெண்ணுக்குப் பரிசம் கொடுத்து மணம் முடித்தார்கள், விதவைகளுக்கு மறுமணமும் உண்டு. சமவெளியின் ஆசாரப்படி பார்த்தால் இதெல்லாம் தீட்டு. ஆனாலும் இவர்களுக்கும் சில்ப்கார்களுக்கும் நடுவே இருந்த கோடு மட்டும் இம்மியும் அசையவில்லை. சுத்தம், தீட்டு என்ற கணக்கு தளர்ந்துபோன இடத்திலும் தீண்டாமை அப்படியே நிற்கிறது என்றால், அதைத் தாங்கி நிற்பது நிலமும் கூலியும் அதிகாரமும்தான். 'நீங்கள் குளித்துச் சுத்தமாக இருந்தால் சாதி போய்விடும்' என்று நமக்கு உபதேசம் செய்பவர்களிடம் இந்த மலைக் கிராமத்தைக் காட்டுங்கள்.

இனி பல்லக்குக்கு வருகிறேன். அன்று மலையில் வண்டிப்பாதை கிடையாது. கல்யாணத்தில் மணமகளை 'டோலா'விலும் மணமகனை 'பால்கி'யிலும் தூக்கிப்போவார்கள். மேல்சாதி வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பல்லக்கைச் சுமப்பவர்கள் சில்ப்கார்கள். ஆனால், தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மணமக்களைப் பல்லக்கில் ஏற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஏற்றினால் வழிமறிப்பு, அடி, பல்லக்கு நொறுங்கும். இதை எதிர்த்து 1920களில் எழுந்ததுதான் 'டோலா-பால்கி' இயக்கம். அதன் முன்னணியில் நின்றவர் பௌரி கர்வாலைச் சேர்ந்த ஜயானந்த பாரதி. சில்ப்கார் கல்யாண ஊர்வலங்களைப் பல்லக்கோடு நடத்திக்காட்டினார். அடிபட்டவர்களுக்காக நீதிமன்றப் படியேறினார். விடுதலைப் போராட்டத்திலும் இவர் பின்தங்கியவர் அல்ல. 1932இல் பௌரியில் ஆளுநர் ஹெய்லி தர்பார் நடத்தியபோது அங்கேயே எதிர்ப்புக் கொடி காட்டிச் சிறைக்குப் போனவர். நாட்டின் விடுதலைக்குக் கொடி தூக்கியவருடைய மக்கள் ஊர்ப்பாதையில் பல்லக்கில் போக முடியவில்லை. நிலைமை எவ்வளவு முற்றியது என்றால், 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், இந்தக் கொடுமையைக் காரணம் காட்டி கர்வாலில் மட்டும் சத்தியாக்கிரகத்தை நிறுத்திவைத்தார் காந்தி.

தோழர்களே, இப்போது இரண்டு பல்லக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை சாமி பல்லக்கில் போகிறது. ஊர் வழிவிடுகிறது, முரசு முழங்குகிறது. முரசு அடித்தவனின் மகன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள் பல்லக்கில் போக விரும்பினால், அதே ஊர் அதே பாதையை மறிக்கிறது.

விடுதலை வந்தது, அரசியல் சட்டம் வந்தது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. சட்டப்படி கேதார்நாத்தின் கதவும் பத்ரிநாத்தின் கதவும் எல்லோருக்கும் திறந்தவை. இன்று கேதார்நாத்துக்குப் போகும் கூட்டத்தில் யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை என்பார்கள். அந்த நெரிசலில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கபல்டாவில் நடந்ததை மறக்க முடியாது.

1980 மே 9. அல்மோரா மாவட்டத்தின் கபல்டா கிராமம் வழியாக ஒரு தலித் கல்யாண ஊர்வலம் போகிறது. மணமகன் பல்லக்கில் இருக்கிறார். அந்த ஊரில் பத்ரிநாதருக்கு ஒரு கோயில் உண்டு. சாமிக்கு மரியாதையாகப் பல்லக்கை விட்டு இறங்கு என்கிறார்கள் ஊர்ப் பெண்கள். கோயில் ஊரின் அடுத்த முனையில் இருக்கிறது, கோயிலுக்கு நேரே வரும்போது இறங்குகிறோம் என்கிறார்கள் ஊர்வலத்தார். வாக்குவாதம் கைகலப்பாகிறது. விடுப்பில் ஊருக்கு வந்து, பல்லக்கைக் கவிழ்த்த சாதி இந்து ராணுவ வீரர் ஒருவர் அதில் இறந்துபோகிறார். அதன்பின் ஊரே திரண்டது. அந்த ஊரில் இருந்த தலித் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்களை வீட்டோடு கொளுத்தினார்கள். வயல்களில் ஓடியவர்களைத் துரத்திக் கொன்றார்கள். 14 தலித்துகள் மாண்டார்கள். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தன. 17 ஆண்டுகள் கழித்து, 1997இல் உச்ச நீதிமன்றம் 16 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கீழவெண்மணி வழக்கின் முடிவை அறிந்த நமக்கு, இந்தத் தண்டனையாவது கிடைத்ததே என்று தோன்றும். ஆனால் ஒரு தலைமுறை வளரும் காலம் ஆகியிருக்கிறது.

கபல்டாவில் அந்த மக்கள் கேட்டது கோயில் நுழைவு அல்ல என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கோயிலுக்குப் போகவே இல்லை, பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். கோயிலின் எல்லை எது? மதிலா? கொடிமரமா? பல்லக்கு இறங்கு என்ற சத்தம் கேட்ட இடம்வரை கோயிலின் அதிகாரம் நீண்டிருந்தது.

மே மாதம் கோயில் திறக்கும் மாதம் மட்டுமல்ல, மலையில் அது கல்யாண மாதமும்கூட. கங்கோத்ரி, யமுனோத்ரி நடை திறக்கும் அட்சய திருதியை நல்ல முகூர்த்த நாள். அந்தப் பருவத்துச் செய்திகளை எடுத்துப் பாருங்கள். 2016 மே மாதம், சக்ராதா மலையில் ஒரு கோயிலுக்குத் தலித்துகளுடன் போன மாநிலங்களவை உறுப்பினர் தருண் விஜய் கல்லடிபட்டார். ஆளுங்கட்சி எம்.பி.க்கே அந்த நிலை. 2019இல் டெஹ்ரி மாவட்டத்தில் ஒரு கல்யாண விருந்தில், சாதி இந்துக்கள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகத் தாக்கப்பட்டதாக வழக்குப் பதிவான தலித் இளைஞர் மே 5 அன்று மருத்துவமனையில் இறந்தார். நான்கு நாள் கழித்து, மே 9 அன்று, கேதார்நாத் நடை திறந்தது. 2022இல் அதே அல்மோரா மாவட்டத்தில் தலித் மணமகனைக் குதிரையிலிருந்து இறங்கச் சொல்லி மிரட்டியதாக வழக்கு. பல்லக்கு, நாற்காலி, குதிரை என்று இருக்கை மாறுகிறது. இறங்கு என்ற சொல் மாறவில்லை.

இங்கே நம் இயக்கத்துக்குள் நடக்கும் பழைய விவாதம் ஒன்றுக்கு வருகிறேன். நம்மில் ஒரு சாரார் கோயில் நுழைவு நம் உரிமை என்கிறார்கள். இன்னொரு சாரார், நம்மை இழிவுபடுத்திய சாமி நமக்கெதற்கு, அம்பேத்கர் காட்டிய வழியில் வெளியேறுவோம் என்கிறார்கள். அம்பேத்கரிடமே இரண்டும் உண்டு. 1930இல் நாசிக் காளாராம் கோயில் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். பின்னர் அந்தப் போராட்டத்தைக் கைவிடச் சொன்னார். நம் மக்களை விக்கிரக வழிபாட்டுக்காரர்களாக்க அதைத் தொடங்கவில்லை, தங்கள் நிலையை உணர்ந்து எழவைக்கவே தொடங்கினேன் என்று விளக்கவும் செய்தார். 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார்.

நான் இரண்டாவது சாராரின் பக்கம் நிற்பவன். ஆனால் கபல்டா எங்களிடமும் ஒரு கேள்வி கேட்கிறது. கோயிலை நாம் துறந்துவிடலாம், அந்தக் கோயிலின் பெயரால் பாதையில் நடக்கும் அதிகாரம் நம்மை விட்டுவிடுமா? பௌத்தராகிவிட்டால் அந்த ஊர் வழியே பல்லக்கில் போக விட்டுவிடுவார்களா? நுழைவைக் கேட்பவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. காவல்துறை பாதுகாப்போடு ஒருநாள் உள்ளே போய்க் கும்பிட்டு வந்தபிறகு, மறுநாள் டீக்கடையிலும் தெருவிலும் என்ன நடக்கிறது?

நம் மேல்பாதியைப் பாருங்கள். விழுப்புரம் மாவட்டத்தின் அந்தத் திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். தலித் மக்கள் உள்ளே போய் வழிபட 2025 ஏப்ரல் ஆனது. கேதார்நாத்தைப் பனி மூடுகிறது, ஆறு மாதத்தில் திறக்கிறது. சாதி மூடிய கோயில் திறக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிடித்தது. கண்டதேவித் தேரின் வடத்தை யார் தொடுவது என்ற சண்டையில் அந்தத் தேர் எத்தனை ஆண்டு ஓடாமல் நின்றது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே, நுழைவதா வெளியேறுவதா என்ற விவாதத்தை நடத்துவோம், ஆனால் அதற்குள்ளேயே முடங்கிவிட வேண்டாம். ஜயானந்த பாரதி பிடித்த இடம் முக்கியமானது. அவர் பாதையைப் பிடித்தார். நம் பிணம் போகும் வழி, நம் மாப்பிள்ளை ஊர்வலம் போகும் தெரு, நம் பிள்ளைகள் பைக்கில் போகும் தெரு, செருப்போடு நடக்கும் தெரு இவையெல்லாம் சாமியுடையவை அல்ல, பொதுவானவை. அந்தப் பாதையை மீட்காமல் கருவறைக்குள் போனாலும் விடுதலை இல்லை, கோயிலை விட்டு வெளியே வந்தாலும் விடுதலை இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டோலா-பால்கி இயக்கம் பற்றியும் கபல்டா பற்றியும் தமிழில் நிறைய வர வேண்டும். இந்தி தெரிந்தவர்கள் மொழிபெயர்க்க வேண்டும். உங்கள் ஊரில் எந்தப் பாதை யாருக்கு எப்போது மறுக்கப்பட்டது, யார் முதலில் அதில் நடந்தார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். நடந்தவர் பெயரை விட்டுவிடாதீர்கள். நம் தோழரின் நினைவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த மே மாதமும் தொலைக்காட்சியில் அந்த டோலி மலையேறும். பாருங்கள், பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பார்க்கும்போது, முரசு அடிப்பவரின் வீட்டில் அந்த மாதம் கல்யாணம் ஏதும் உண்டா, மாப்பிள்ளை எதில் வருகிறார் என்றும் கேளுங்கள்.