கப்பல் பட்டியலில் ஒரு வரி



1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். இந்தத் தொகையை நம் கட்டுரைகள் சலிக்காமல் எடுத்தாள்கின்றன. அதைத் தந்த பதிவேட்டை ஒருமுறை பொறுமையாகப் படித்தவர்கள் மிகக் குறைவு. எனக்குள்ள வருத்தம் இதுதான்.

அந்தப் பதிவேடான கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம். ஆளைத் தவறாமல் அடையாளம் காணத்தான் அரசு இவற்றை எழுதியது. ஆனால் ஒரு பண்ணையாளின் காலில் இருந்த தழும்பும், ஒரு பெண் கையில் குத்தியிருந்த பச்சையும் நமக்குத் தெரியவருவது அந்த எழுத்தரின் பேனாவால்தான். முனுசாமி என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதினார்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். தகப்பன் பெயரையும் கிராமத்தையும் சேர்த்துத் தேடுங்கள். எண் கிடைத்துவிட்டால் அதே எண் திருமணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் உங்களுக்கு வழிகாட்டும்.

புகார்க் கோப்புகளைப் படிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அடி, பிடித்துக்கொண்ட கூலி, குறைந்த அரிசிப்படி என்று கூலிகள், இந்தியக் குடியேறிகளுக்கான அரசு அதிகாரியான காப்பாளரிடம் முறையிட்டார்கள். ஆனால் முதலாளியின் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனவரைக் கைதுசெய்யலாம் என்பது அன்றைய சட்டம். முறையிடப் போவதற்கே அந்தச் சீட்டு தேவைப்பட்டது என்றால், புகாரே வராத தோட்டத்தை நல்ல தோட்டம் என்று எப்படி எழுதுவது? அங்கிருந்து யாரும் வெளியே வரமுடியாமல் போயிருக்கலாம் அல்லவா?

கோப்பு இன்னொரு வகையிலும் நம்மை ஏமாற்றும். அரசோடு மோதிய நாட்களை மட்டுமே அது குறித்துவைத்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் டர்பனைச் சுற்றிக் குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிட்டு, கூடையில் சுமந்து விற்றவர்களைத் தேட, குத்தகைப் பத்திரங்களுக்கும் வியாபார உரிமங்களுக்கும் போகவேண்டும். 1895-இல் சட்டமான மூன்று பவுண்டு தலைவரி அவர்களில் எத்தனையோ பேரை மறுபடி ஒப்பந்தத்துக்குள் தள்ளியது. இந்தத் தொடர்ச்சியைப் பிடிக்காமல் அவர்களை வெறும் பாவப்பட்டவர்களாக எழுதுவது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

இந்த வரலாற்றின் மற்றொரு பாதி சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒருவர் கப்பலேறிய ஆண்டில் அவருடைய தாலுகாவில் மழை எப்படி, தானிய விலை என்ன, தாது வருடப் பஞ்சம் அந்த ஊரை என்ன செய்தது என்பதற்கான வருவாய்த்துறைக் கோப்புகள் அங்கே உள்ளன. டர்பன் பட்டியலையும் எழும்பூர்க் கோப்பையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் கட்டுரைகளை இந்தக் கருத்தரங்கில் எதிர்பார்க்கிறேன். கட்டுரையாளர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் பின்தொடர்ந்த ஒரு மனிதரைப் பற்றியாவது அவையில் விரிவாகப் பேசவேண்டும் என்று கேட்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.